இருபத்து மூன்றாவது பெயர்

ஓர் இனம் தன் குழந்தைகளை எப்படிக் காக்கிறது என்பதை வைத்தே வரலாறு அந்த இனத்தை எடைபோடும். இந்த வாசகத்தை ஸ்ரீதரன் எழுந்து நின்று, கண்களை மூடி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுச் சொன்னார். 'வரலாறு' என்ற இடத்துக்கு வந்தபோது மட்டன் றோல்ஸ் தட்டு அவரைக் கடந்து போனது. கண்ணைத் திறந்து இரண்டை எடுத்துக்கொண்டார். வரலாறு சற்று நேரம் காத்து நின்றது.

அது ஒக்ரோபர் மாத நிர்வாகக் கூட்டம். செங்கதிர் தமிழ்ச் சிறார் பேரவை, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பொதுப் பாடசாலையைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து நூற்று நாற்பது பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறது. ஸ்ரீதரன் அதன் தலைவர். கிழமை நாட்களில் மற்றவர்களுக்கு வீட்டுக் கடன் எடுத்துக் கொடுப்பவர். யூனியன்வில்லில் நான்கு குளியலறை உள்ள வீடு. நான்கு என்பதை அவரே சொல்லுவார், யாரும் எண்ணத் தேவையில்லை.

கட்டடத்தின் சொந்தக்காரரான கல்விச் சபை ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. ஒரே பக்கம். பிள்ளைகளோடு நிற்கும் எல்லாரும் காவல்துறைச் சோதனைச் சான்று எடுத்து வைத்திருக்க வேண்டும், ஏப்ரலில் வாடகை அனுமதியைப் புதுப்பிக்கும்போது பார்ப்போம், நன்றி. கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிற தாய்க்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

ஆனால் ஒரு பக்கம் என்பது ஸ்ரீதரனுக்கு அவமானம். இரண்டு கிழமை இருந்து அதை ஒன்பது பக்கமாக்கினார். தலைப்பு 'சிறார் பாதுகாப்புப் பிரகடனம்'. நான்காம் பக்கம் வரை பண்டைத் தமிழர் குழந்தைகளை எப்படிப் போற்றினார்கள் என்பது. ஐந்தாம் பக்கத்தில் அவருடைய படம். சோதனைச் செலவு அவரவர் கைக்காசு என்ற செய்தி எட்டாம் பக்கத்தின் அடியில், தொண்டு என்பது தன்னைத் தானே நிரூபித்தல் என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

எப்படி எடுப்பது என்பதற்கும் தலைவரிடம் வழி இருந்தது. தெரிந்தவர் ஒருவருக்கு இணையத்தில் இப்படியான சான்றுகள் எடுத்துக் கொடுக்கும் கொம்பனியில் வேலை. கூட்டமாகச் சேர்ந்தால் விலையில் கழிவு. வாட்ஸப்பில் இணைப்பு வந்தது. கைபேசியில் முகத்தைக் காட்டி, இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கால் மணித்தியாலத்தில் சான்று வந்து விழும். ஆசிரியர்களும் தொண்டர்களும் நிர்வாகமுமாக இருபத்திரண்டு பேர் ஒரே பின்னேரத்தில் குற்றமற்றவர்கள் ஆனார்கள். செயலாளர் மங்கையற்கரசி எல்லாவற்றையும் அச்செடுத்து, கண்ணாடித் தாள் உறைகளில் போட்டு, கோப்பில் அடுக்கினார்.

இருபத்து மூன்றாவது ஆள் அமிர்தநாதர்.

அமிர்தநாதர் நெடுந்தீவுக்காரர், அறுபத்திரண்டு வயது. டவுன்ரவுனில் ஒரு ஸ்ரேக் உணவகத்தில் இருபத்தேழு வருடம் கோப்பை கழுவி ஓய்வெடுத்தவர். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் மனைவி ஜோசப்பினோடும் மகள் நிரோஷினியோடும் இருக்கிறார். பதினொரு வருடமாகச் சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பாடசாலை வாசலில் நிற்பார். கார்க் கதவைத் திறப்பது, பிள்ளையை இறக்குவது, சறுக்கும் பனியில் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விடுவது, கோட்டுச் சிப்பைக் கழற்றுவது, பன்னிரண்டரைக்கு மறுபடி அதே சிப்பை இழுத்துப் பூட்டி ஏற்றிவிடுவது. நூற்று நாற்பது பிள்ளைகளில் எவருடைய சிப் எந்த இடத்தில் சிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பேரவையின் யாப்பு விதிகளில் இந்த வேலைக்குப் பெயர் இல்லை. அதனால் அது பதவியும் இல்லை.

இணையக் கொம்பனி அவரை ஏற்கவில்லை. ஆள் இன்னார்தான் என்று அறிய அது கேட்கும் கேள்விகள் எல்லாம் கடன் பற்றியவை. எந்த வங்கியில் வீட்டுக் கடன், எத்தனையாம் ஆண்டு கார்க் கடன், எந்தக் கடன் அட்டையில் எவ்வளவு எல்லை. அமிர்தநாதர் வாழ்நாளில் ஒரு சதம் கடன் வாங்காதவர். ஆகவே அப்படி ஒருவர் இருப்பதற்கான ஆதாரம் இல்லை என்று திரை சொன்னது. கடன்பட்டவர்கள் இருபத்திரண்டு பேரையும் ஐயமின்றி நம்பிய நாடு, கடன் இல்லாத ஒருவரை மட்டும் யாரென்று கேட்டது.

நிரோஷினிக்கு இருபத்துநான்கு வயது, இங்கே பிறந்தவள். இணைப்பை மூடிவிட்டு, கல்விச் சபையின் ஒரு பக்கக் கடிதத்தை எடுத்து ஒழுங்காக வாசித்தாள். பிறகு நேரே காவல்துறையிடம் விண்ணப்பித்தாள். அங்கே கடன் கேட்கவில்லை. பிறந்த திகதி கேட்டார்கள்.

இங்கேதான் கதை கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். அமிர்தநாதரின் கனடிய ஆவணங்களில் இருக்கும் பிறந்த திகதி அவருடையது அல்ல. எண்பத்தொன்பதில் அவரைக் கூட்டிவந்த ஏஜென்ற் வேறொருவரின் கடவுச்சீட்டைக் கையில் கொடுத்து, அதில் இருந்த திகதியைக் கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை ஜெபமாலை போல் சொல்லிக்கொண்டு வரச் சொன்னார். விமான நிலையத்தில் கடவுச்சீட்டு ஏஜென்ற்றோடு போய்விட்டது, திகதி போகவில்லை. அகதி விசாரணையில் பிறந்த நாள் கேட்டபோது பெயரை உண்மையாகச் சொன்ன அதே வாய் திகதியைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. பிறகு திருத்தப் பயம். திருத்தப் போனால் வேறு எதையெல்லாம் கிண்டுவார்களோ என்று முப்பத்தைந்து வருடம் யாரோ ஒருவரின் பிறந்த நாளில் கேக் வெட்டினார். எங்கள் ஆட்களில் இப்படிக் கேக் வெட்டுகிறவர்களை எண்ணினால் ஒரு மண்டபம் நிரம்பும்.

ஜனவரியில் காவல்துறையிடமிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரரின் பாலினமும் பிறந்த திகதியும், சிறுவர் தொடர்பான குற்றத்துக்குத் தண்டனை பெற்றுப் பின் மன்னிப்புப் பெற்ற ஒருவரின் பதிவோடு பொருந்துகின்றன. ஆகவே கைரேகை எடுத்து அனுப்ப வேண்டும். அதுவரை சோதனை முடிவுறாது.

அமிர்தநாதர் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிரோஷினி மூன்று தரம் விளக்கினாள்.

"அப்பா, திஸ் இஸ் நொட் அபௌட் யூ. டேற் மட்டும்தான் மாட்ச். உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"அந்தத் திகதியே என்ரை இல்லைப் பிள்ளை."

"அதை மட்டும் வெளியில சொல்லாதேங்கோ."

பிறந்த நாள் அவருடையது அல்ல. குற்றம் அவருடையது அல்ல. கைரேகை எடுக்கக் கட்டிய காசு மட்டும் அவருடையது.

கைரேகை நிலையத்தில் ஒரு பொடியன் அவருடைய விரல்களைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான், உருட்டிப் பார்த்தான். திரையில் பத்து வெள்ளை முட்டைகள் வந்தன. இருபத்தேழு வருடத்துச் சுடுதண்ணீரும் பிளீச்சும் கோடுகளைக் கழுவிக்கொண்டு போயிருந்தன. இரண்டு கிழமை கையில் தண்ணீர் படாமல் வைத்திருந்து, காலையும் மாலையும் கிறீம் பூசிக்கொண்டு மறுபடி வரச் சொன்னான். மறுபடி என்றால் மறுபடியும் காசு.

ஜோசப்பினுக்குச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. "ரெண்டு கிழமை கோப்பை கழுவக் கூடாதாம். கனடா வந்து இவ்வளவு காலத்துக்கு உங்களுக்கு அரசாங்கம் தந்த ஒரே லீவு" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு வாஸ்லின் கிறீமை எடுத்து அவர் விரல்களில் தானே தேய்த்தார்.

இரண்டு கிழமை கழித்துப் போய் எடுத்து முதல் தரம் அனுப்பிய ரேகை தெளிவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் தரம் அனுப்பினார்கள். காத்திருக்கச் சொன்னார்கள்.

இதை மறைக்க வேண்டும் என்று அமிர்தநாதருக்குத் தோன்றவில்லை. மங்கையற்கரசிக்குப் போன் எடுத்து, சான்று இன்னும் வரவில்லை, கைரேகை கேட்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னார். கைரேகை என்ற சொல் அன்று பின்னேரமே யூனியன்வில் போய்ச் சேர்ந்தது. அடுத்த நகரான பிக்கரிங் போய்ச் சேர்ந்தபோது அது கைவிலங்காக மாறியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போல் வாசலில் நின்றார். ஸ்ரீதரன் காரை விட்டு இறங்கி, அவர் தோளில் கை போட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார். பிரகடனத்தின் ஆறாம் பக்கத்தின்படி சான்று கைக்கு வரும்வரை அண்ணை பாடசாலை வளவுக்குள் நிற்பது முறையில்லை, இது தனிப்பட்ட விஷயம் இல்லை, கொள்கை என்றார். அமிர்தநாதர் சரி என்றார். அந்த நேரம் ஒரு கார் வந்து நின்றது. பழக்கத்தில் அவர் கை கதவுப் பிடிக்குப் போனது. உள்ளே இருந்த தாய் பூட்டை அழுத்திவிட்டு, கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, "தாங்க்ஸ் அங்கிள், நாங்களே இறங்குவம்" என்றாள். பின்சீற்றில் இருந்த சின்னப் பெட்டை அவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.

அவர் பஸ் எடுத்து வீட்டுக்குப் போனார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் அரசாங்கத்தையும் பனியையும் பழி சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் ஸ்ரீதரனுக்கு எதையும் செய்து முடித்தல் என்றால் மேடையில் செய்து முடித்தல். ரொறன்ரோவில் எங்கள் ஆள் வீடு விற்பனை உரிமம் எடுத்தால் பொன்னாடை, இருதயச் சிகிச்சை முடித்து வந்தால் பொன்னாடை, பொன்னாடை போர்த்த வந்தவருக்கும் கையோடு ஒரு பொன்னாடை. அப்படியிருக்க இருபத்திரண்டு பேர் பொலிசால் நல்லவர்கள் என்று சொல்லப்பட்டிருக்கும்போது அதைக் கோப்புக்குள் வைத்திருக்க அவருக்கு எப்படி மனம் வரும்? மார்ச் மாத ஆண்டு விழாவில் 'காவல்துறை நற்சான்று பெற்ற எம் தொண்டர்கள்' என்று ஒரு கௌரவிப்பு வைத்தார். விழா மலரில் இரண்டு பக்கம், படங்களோடு.

மலர் ஜனவரித் தொடக்கத்திலேயே அச்சுக்குப் போயிருந்தது. எல்லாருக்கும் சான்று வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இருபத்து மூன்று பெயர்களும் இருபத்து மூன்று படங்களும் அதில் இருந்தன. விழாவுக்கு முதல் நாள்தான் இது நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. நானூறு பிரதிகள். அந்தத் தாளைக் கிழிக்கலாம் என்றார் ஒருவர். தாளின் மறுபக்கத்தில் தலைவரின் வாழ்த்துச் செய்தி இருந்தது. ஆகவே கறுப்பு மார்க்கர் வாங்கிவந்து, நிர்வாகம் சுற்றியிருந்து, நானூறு மலரிலும் அமிர்தநாதரின் பெயரையும் முகத்தையும் மட்டும் அடித்தது.

இது எவ்வளவு முட்டாள்தனம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அச்சில் சும்மா இருக்கும் பெயரை யாரும் வாசிப்பதில்லை. மை பூசிய பெயரை மண்டபமே வாசித்தது. மலரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். கைபேசி விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள். மார்க்கர் மலிவானது. அடியில் 'அமிர்தநாதர்' என்று நன்றாகவே தெரிந்தது. எந்தத் தலைப்பின் கீழ் அடித்திருக்கிறார்கள் என்பதும் பெரிய எழுத்தில் இருந்தது.

அமிர்தநாதர் எட்டாவது வரிசையில் இருந்தார். ஜோசப்பின் கோரஸில் பாடுகிறார் என்பதற்காக வந்தவர். மேடையில் ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். பொன்னாடை, கைகுலுக்கல், படம், அடுத்தவர். இருபத்திரண்டு முடிந்ததும் ஸ்ரீதரன் ஒலிவாங்கியைப் பிடித்து, இவர்கள் கைகளில் எம் குழந்தைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே எட்டாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தநாதரும் தட்டினார். அவருக்கு இடப்பக்கத்தில் இருந்த குடும்பம், அடுத்த நிகழ்ச்சி முன்னுக்கு இருந்தால் வடிவாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனது.

அன்று கார் ஓட்டிவந்த நிரோஷினி வீட்டில் கதவைச் சாத்தியபின்தான் வெடித்தாள். வழக்குப் போடலாம், முகநூலில் போடலாம், தே காண்ட் டூ திஸ் என்றாள். அமிர்தநாதர் சான்று வரட்டும் என்றார்.

சான்று வரும்வரை அவருக்குத் தேவாலயத்திலும் இடம் தாராளமாகக் கிடைத்தது. அவர் இருந்த நீட்டு வாங்கில் பிள்ளைகுட்டிக்காரர் யாரும் இருக்கவில்லை. தமிழ்க் கடையில் ஒரு பெண் கூச்சமில்லாமல் ஜோசப்பினிடமே கேட்டாள், ஊரிலேயோ இஞ்சையோ நடந்தது என்று. ஜோசப்பின் கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டை வைத்துவிட்டு வெளியே வந்தார். பத்து வருடம் போன கடை. பிறகு போகவில்லை.

ஏப்ரல் மூன்றாம் கிழமை சான்று வந்தது. பதிவு எதுவும் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஐந்து மாதம், இரண்டு தரம் கைரேகை, ஒரு மனிதனின் பெயர், எல்லாவற்றுக்கும் பதில் ஒரு வரி. அமிர்தநாதர் அதைப் பிரதி எடுத்து மங்கையற்கரசிக்குத் தபாலில் அனுப்பினார். நேரில் போகவில்லை. நன்றி என்று வாட்ஸப்பில் ஒரு கும்பிடு வந்தது.

அடுத்த கிழமை வாடகை அனுமதியைப் புதுப்பிக்கும் நாள். மங்கையற்கரசி கோப்பைக் கொண்டுபோய்க் கல்விச் சபையில் கொடுத்தார். அங்கிருந்த பெண் ஒவ்வொரு உறையாகப் புரட்டிக்கொண்டே போய், கடைசி உறையில் நின்றாள். கொடுத்த இருபத்து மூன்றில் இது ஒன்றுதான் சரி என்றாள்.

மற்றவை வேறு சான்று. ஒருவர் வேலைக்குப் போகும்போது பெயரை மட்டும் தட்டிப் பார்க்கிற சாதாரணச் சோதனை. பிள்ளைகளோடு நிற்பவர்களுக்கானது வேறு, மன்னிக்கப்பட்ட பதிவுகளையும் பார்ப்பது. அதைக் காவல்துறை மட்டும்தான் செய்யும், இணையக் கொம்பனிகள் செய்ய முடியாது. கடிதத்தின் இரண்டாம் வரியில் இருக்கிறது என்று அந்தப் பெண் அதே ஒரு பக்கக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். ஒன்பது பக்கம் எழுதியவர்கள் அந்த ஒரு பக்கத்தை வாசிக்கவில்லை. சரியான சான்று இல்லாத எவரும் இனிப் பிள்ளைகளோடு நிற்க முடியாது, பள்ளியைத் திறப்பதானால் சான்று உள்ள ஒருவராவது வாசலில் நிற்க வேண்டும், ஒரு மாதத் தவணை தருகிறோம், பெற்றோர் தாங்களே வகுப்பில் இருக்கலாம் என்றாள்.

அதாவது செங்கதிர் தமிழ்ச் சிறார் பேரவையில் சட்டப்படி பிள்ளைகளுக்குக் கிட்ட நிற்கத் தகுதி உள்ள ஆள் ஒருவர்.

வெள்ளி பின்னேரம் ஸ்ரீதரனும் மங்கையற்கரசியும் டோர்செட் பார்க்குக்கு வந்தார்கள். பதினோராம் மாடி. இரண்டு லிப்டில் ஒன்று வேலை செய்யவில்லை. கையில் பழக்கூடை. மங்கையற்கரசியின் பைக்குள் மடித்த பொன்னாடை ஒன்று தெரிந்தது. ஜோசப்பின் தேத்தண்ணி கொடுத்தார், விருந்தாளிக்கு வைப்பதுபோல் சீனியைத் தனியாக வைக்கவில்லை.

ஸ்ரீதரன் முதலில் லிப்டைப் பற்றிக் கதைத்தார். பிறகு அரசாங்கத்தின் சிவப்பு நாடாவைப் பற்றிக் கதைத்தார், ஒரு நல்ல மனிதரை எவ்வளவு அலைக்கழித்துவிட்டார்கள் என்று தலையை ஆட்டினார். அலைக்கழித்தவர்கள் பட்டியலில் மார்க்கர் வரவில்லை. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். நாளைக்கு அண்ணை வந்து வாசலில் நிற்க வேண்டும். வகுப்புகளைப் பெற்றோரை வைத்துச் சமாளிக்கலாம். அண்ணை நின்றால் போதும், பள்ளியைத் திறக்கலாம்.

"நிக்கிறன்" என்றார் அமிர்தநாதர்.

ஸ்ரீதரன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பப் போனார்.

"இருங்கோ தம்பி, முடியேல்லை. நாளைக்குப் பிள்ளையளைக் கொண்டுவாற தாய்தேப்பன் எல்லாரும் நிக்கிற நேரம், மைக்கைப் பிடிச்சு ஒரு விஷயம் சொல்லுங்கோ. அமிர்தநாதரில ஒரு பிழையும் இல்லை, பெயரில மை அடிச்சது நாங்கள், அது எங்கட பிழை. அவ்வளவும் காணும்."

ஸ்ரீதரன் மறுபடி கதிரையில் இருந்தார். பிறகு நிர்வாகத்தின் மாண்பு என்றார். இப்படிப் பகிரங்கமாகச் சொன்னால் பெற்றோர் வேறு கேள்விகளும் கேட்பார்கள், மற்ற இருபத்திரண்டு சான்றுகளைப் பற்றியும் கேட்பார்கள் என்றார். வேண்டுமானால் அடுத்த வருட மலரில் அண்ணையின் சேவையைப் பற்றி முழுப் பக்கம், நிறப் படத்தோடு.

"மலர் வேண்டாம். நானூறு பேருக்கு முன்னால செய்ததை நூறு பேருக்கு முன்னால திருத்தச் சொல்லுறன். பாதிக்கு மேல கழிவு தந்திருக்கிறன்."

மங்கையற்கரசி குனிந்துகொண்டார். அவருடைய வாய் ஒரு கணம் கோணியது, சிரிப்பா வேறு எதுவுமா என்று சொல்ல முடியாது.

"அண்ணை, பிள்ளையளை யோசியுங்கோ" என்றார் ஸ்ரீதரன்.

இதுவரை அறைக்குள் இருந்த நிரோஷினி வெளியே வந்தாள். அப்பா பிள்ளைகளைப் பதினொரு வருடம் யோசித்தார், நீங்கள் யோசித்தது மேடையை, யூ வேர் நெவர் ஈவன் செக்ட் என்றாள். அமிர்தநாதர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"எனக்குப் பிள்ளையளில கோவம் இல்லைத் தம்பி. அந்தப் பெட்டை எனக்குக் கை காட்டினது. தாய் கதவைப் பூட்டினவ. அந்தத் தாய்க்கு ஆர் சொல்லுறது? நீங்கள்தான் சொல்லோணும். சொன்னால் எட்டே முக்காலுக்கு நிப்பன். சொல்லாட்டில், அந்தத் தாய் கதவைப் பூட்டுற இடத்தில நான் இன்னொருக்கா நிக்கமாட்டன்."

யோசித்துச் சொல்வதாக ஸ்ரீதரன் சொன்னார். மங்கையற்கரசி பொன்னாடையை வெளியே எடுக்கவில்லை. ஒரே லிப்ட் என்பதால் அவர்கள் நெடுநேரம் வெளியே நின்றார்கள். கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அவர்கள் கதைத்தது கேட்கவில்லை, ஸ்ரீதரன் மாத்திரம் கைகளை வீசியது கண்ணாடித் துவாரத்தில் தெரிந்தது என்று ஜோசப்பின் பிறகு சொன்னார்.

காலை ஏழரைக்கு அமிர்தநாதர் சேட்டுப் போட்டு, சப்பாத்தும் போட்டு, கதிரையில் இருந்தார். ஏழு ஐம்பதுக்கு நூற்று நாற்பது குடும்பங்களுக்கும் பேரவையின் செய்தி போனது. கடும் பனிப்பொழிவு காரணமாக, சிறார் பாதுகாப்பைக் கருதி, இன்று பள்ளி நடைபெறாது.

அன்று ஏப்ரல் இருபத்தாறாம் திகதி. வெளியே பதினெட்டுப் பாகை வெயில்.